கணக்குப் பரீட்சையின் கணக்கு

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில் நாம் இருந்த சமயம், வில்லாபுரத்திலிருந்து ஒரு நெசவாளி நமது காரியாலயத்தைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள்ளே அவருடைய மகனின் விடைத்தாள் நகல். மகன் பொறியியற் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். மூன்றாவது செமஸ்டரில் தனிநிலைக் கணிதம் என்னும் பாடத்தில் தவறிவிட்டான்.

"ஐயா, காலேஜில போடுற மார்க்கு 40க்கு 34 வாங்கியிருக்கான். பேப்பர்ல நூத்துக்கு 43. ரெண்டையும் சேர்த்தா பாஸ் ஆகணுமா இல்லையா? பெயில்னு போட்டிருக்காங்க. நீங்க வக்கீலுக்குப் படிச்சவுக. ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார்.

மனு எழுதுவதற்கு முன்னால் விதியைப் படிப்பது நமது பழைய தொழிலின் பழக்கம். எந்தக் கல்லூரி என்பதை இங்கே எழுதப் போவதில்லை; அது விஷயத்துக்கு அவசியமுமன்று. தமிழ்நாட்டின் பெரும்பாலான பொறியியற் கல்லூரிகளைப் போலவே அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, இப்படிப்பட்ட பாடம் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 100 மார்க்கு. அதில் 40 கல்லூரியின் கையில் இருக்கிறது. 60 பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அதற்கு முந்திய 2017ஆம் ஆண்டு விதிகளில் கல்லூரிக்கு 20, பல்கலைக்கழகத்துக்கு 80 என்றிருந்தது. செமஸ்டர் முடிவில் 3 மணி நேரப் பரீட்சையை 100 மார்க்குக்கு நடத்தி, வந்த தொகையை 60க்குச் சுருக்கிக் கொள்கிறார்கள். தேறுவதற்கு நிபந்தனைகள் இரண்டு. மொத்தத்தில் 50 வேண்டும். அதோடு, முடிவுப் பரீட்சையில் மட்டும் நூற்றுக்கு 45 வேண்டும்.

பையனுடைய 43ஐ 60க்குச் சுருக்கினால் 26க்குச் சற்றுக் குறைவு. அதனோடு 34ஐக் கூட்டினால் ஏறக்குறைய 60. முதல் நிபந்தனையை அவன் 10 மார்க்கு மிகுதியாகவே தாண்டிவிட்டான். இரண்டாவது நிபந்தனையில் 2 மார்க்கு குறைந்து போயிற்று. விதி தெளிவாக இருக்கிறது, மனுவுக்கு இடமில்லை.

இந்த இரண்டாவது நிபந்தனை கொடியது என்று சொல்லத் தகப்பனாருக்கு உரிமையுண்டு. நாம் அப்படிச் சொல்ல முடியவில்லை. கல்லூரி கொடுக்கும் 40 மார்க்கு இரண்டு மதிப்பீடுகளிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துப் பரீட்சையும், வீட்டிலிருந்து எழுதிவரும் ஒப்படைப்பு முதலியவையும் சேர்ந்திருக்கின்றன. தன் மாணாக்கர் தவற வேண்டுமென்று எந்தக் கல்லூரியும் ஆசைப்படாது. ஆகையால் உள்மார்க்கு தாராளமாகவே விழும். வெளியே ஒரு வேலி இல்லாவிட்டால், 40க்கு 40 கொடுத்துவிட்டு, முடிவுப் பரீட்சையில் நூற்றுக்கு 17 வாங்கினவனையும் தேறினவன் என்று சொல்ல வேண்டி வரும். அந்த வேலிதான் 45. ஆனால் வேலிக்குள்ளே என்ன பயிராகிறது என்பது வேறு கேள்வி. அந்த விடைத்தாளைப் புரட்டிய பிறகு அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

முதலில் இந்தப் பாடம் இன்னதென்று நேயர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கணிதத்தில் ஒரு பாதி, ஆற்று நீரைப்போல் இடைவிடாது ஓடும் அளவுகளைப் பற்றியது; காலம், தூரம், வேகம் எல்லாம் அதில் அடங்கும். மற்றொரு பாதி, மணிகளைப்போல் தனித்தனியே எண்ணக்கூடியவற்றைப் பற்றியது. ஆம் அல்லது இல்லை, புள்ளியும் புள்ளியை இணைக்கும் கோடும், இத்தனை விதமாக அடுக்கலாம் என்னும் எண்ணிக்கை, இவையெல்லாம் இரண்டாவது பாதியைச் சேர்ந்தவை. அதுவே தனிநிலைக் கணிதம். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர் 1854ஆம் ஆண்டில் சிந்தனையின் விதிகளைப் பற்றி நூல் எழுதி, உண்மை, பொய் என்ற இரண்டையும் கொண்டு கூட்டல் பெருக்கல் போல் கணக்குப் போடலாம் என்று காட்டினார். இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி ஒவ்வொன்றும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக் கொண்டிருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் படிப்பவனுக்கு இது இலக்கணம் போன்றது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இதற்கு 60 வகுப்புகளும் 4 கிரெடிட்டுகளும் ஒதுக்கியிருந்தார்கள். வாரத்தில் 3 மணி விரிவுரை. 1 மணி பயிற்சி. பாடம் ஐந்து பிரிவுகள் கொண்டது. முதலாவது தர்க்கமும் நிரூபண முறைகளும். இரண்டாவது எண்ணும் கலை. மூன்றாவது புள்ளியும் கோடுமாகிய கோட்டுருக்கள். நான்காவது குலம் முதலிய இயற்கணித அமைப்புகள். ஐந்தாவது லாட்டிஸும் பூலியன் இயற்கணிதமும். நூற்றுக்கு 75 வகுப்புகளுக்காவது வந்திருந்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும்.

இனி வினாத்தாளின் அமைப்பைப் பார்ப்போம். முதற்பகுதியில் இரண்டிரண்டு மார்க்குக்கு 10 கேள்விகள். இரண்டாம் பகுதியில் 16 மார்க்குக்கு 5 கேள்விகள். ஒவ்வொன்றிலும் இதுவா அதுவா என்று தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு சிறு கேள்விகளும் ஒரு பெருங்கேள்வியும் வருகின்றன. அதாவது ஒரு பிரிவுக்கு 20 மார்க்கு. இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று பிரிவுகளை நன்றாகப் படித்தவனுக்கு 60 மார்க்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வேண்டியது 45. ஆகவே இரண்டு பிரிவுகளைத் திறந்து பார்க்காமலே தேறிவிடலாம். எந்த இரண்டை விடுவது? மனப்பாடத்துக்கு அடங்காதவற்றை விடுவது. மனப்பாடத்துக்கு எளிதில் அடங்காதவை தர்க்கமும் கோட்டுருவும். இந்த யுக்தியை மாணாக்கர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வினாத்தாளே கற்பித்துவிடுகிறது.

வில்லாபுரத்துப் பையன் செய்ததும் அதுவே. சிறு கேள்விகளில் 20க்கு 12. லக்ராஞ்சு தேற்றத்தை வரிக்கு வரி எழுதி 16க்கு 14. லாட்டிஸில் 9. எண்ணும் கலையில், சூத்திரத்தைப் போட்டுத் தீர்க்கும் ஒரு கணக்குக்கு 8. தர்க்கத்துக்கும் கோட்டுருவுக்கும் ஒதுங்கிய பக்கங்கள் வெண்மையாகவே இருந்தன. ஆகக் கூடி 43. பரீட்சகர் எங்கேயும் அநியாயம் செய்யவில்லை. கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடமும் காட்டினோம். ஒரு மார்க்குகூடக் கூட்டிப் போட இடமில்லை என்றார். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டுப் பணத்தைக் கரியாக்க வேண்டாம் என்று தகப்பனாருக்குச் சொல்லியனுப்பினோம். (அந்த மறுமதிப்பீட்டு முறையிலேயே லஞ்சம் புகுந்ததென்று 2018ஆம் ஆண்டில் ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிந்த செய்தி நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.)

நிற்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமே வில்லாபுரத்துக்குப் போனோம். தெற்கு வாசலைத் தாண்டி அவனியாபுரம் போகும் பாதையில் இருக்கிறது அந்த ஊர். ஊர் என்று சொல்வது வழக்கத்தால்தான். நகரம் அதை விழுங்கி வெகு காலமாயிற்று. சந்துக்குள் அந்த வீடு. வாசலில் பையனின் தங்கை கோலம் போட்டிருந்தாள். பையன் வெட்கத்தோடு வெளியே வந்து நின்றான்.

வெறுமே பேச்சுக் கொடுப்பதற்காக, ஒரு கரித்துண்டை எடுத்துத் திண்ணையில் ஒரு சதுரம் போட்டு, குறுக்கே இரண்டு மூலைக் கோடுகளும் இழுத்து, "தம்பி, இதைக் கை எடுக்காமல், போட்ட கோட்டின்மேல் மறுபடியும் போகாமல் போட முடியுமா?" என்று கேட்டோம். சிறு வயதில் நாம் மணிக்கணக்காக முயன்று தோற்ற கணக்கு அது. பையன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"முடியாது சார். ஒரு மூலைக்கு ஒரு கோட்டுல வந்தா இன்னொரு கோட்டுல வெளிய போகணும். அப்ப கோடெல்லாம் ஜோடி ஜோடியா இருக்கணும். ஒத்தைப்படையா இருந்தா அங்க ஆரம்பிக்கணும், இல்ல அங்க முடிக்கணும். ஆரம்பம் ஒண்ணு, முடிவு ஒண்ணு. ரெண்டு மூலைதான் ஒத்தைப்படையா இருக்கலாம். இதுல நாலு மூலையிலயும் மும்மூணு கோடு இருக்கு" என்றான்.

நாம் திகைத்துப் போனோம். 1736ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் மேதை, கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒரே நடையில் ஒரு முறைக்கு மேல் மிதிக்காமல் கடக்க முடியாது என்று காட்டிய வாதம் இதுவே. அங்கேயும் நாலு நிலப்பகுதிகள், நாலும் ஒற்றைப்படை. கோட்டுருக் கணிதம் அந்த நாளில்தான் பிறந்தது என்று சொல்வார்கள். அந்த விடைத்தாளில் வெறுமையாக விட்ட கேள்விகளில் 8 மார்க்குக் கேள்வி ஒன்று இதே தேற்றத்தைப் பற்றியதுதான். இங்கிலீஷில் இருந்தது.

"இது தெரிந்திருந்தும் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டோம். "இது கோலம்தானே சார். அது தியரம்" என்றான்.

நமது கணித நண்பர் இதைக் கேட்டு நம்மைப்போல் உணர்ச்சிவசப்படவில்லை. பையன் சொன்னது பாதி நிரூபணம்தான் என்றார். ஒற்றைப்படை மூலைகள் இரண்டே இருந்தால் கட்டாயம் போட முடியும் என்ற மறுபாதிக்கு வேறு வாதம் வேண்டும். அது சற்றுக் கடினம். நியாயமான பரீட்சகர் பாதி மார்க்கு கொடுப்பார் என்று சொன்னார். 8இல் பாதி 4. 43உம் 4உம் 47.

கோலம் வேறு, தேற்றம் வேறு என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டிலேயே, கோலங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்கும் முறையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் உலகத்தார் மதிக்கும் வேலை அது. மதுரைக்குத் தென்மேற்கே, ஸ்ரீவில்லிப்புத்தூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணன்கோயிலில், கலசலிங்கம் கல்வி நிலையத்தில் தனிநிலைக் கணிதத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. கோட்டுருக்களைப் பற்றிய சர்வதேசப் பத்திரிகை ஒன்றும் 2004ஆம் ஆண்டில் அங்கிருந்து தொடங்கிற்று. ஆராய்ச்சி வெகு தூரத்தில் இல்லை. ஆனால் வினாவங்கிப் புத்தகம் அதைவிட அருகில், சந்து முனைக் கடையிலேயே கிடைக்கிறது.

தகப்பனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். கம்ப்யூட்டருக்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களே தெரியும் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினோம். அவர் இடைமறித்து, "ஜக்கார்டு அட்டை மாதிரியா ஐயா? துளை இருந்தா நூல் தூக்கும், இல்லாட்டி தூக்காது" என்றார். 1804ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் காப்புரிமை பெற்ற அந்தத் தறிப் பொறியின் அட்டைகளைப் பார்த்துத்தான் கணக்குப் பொறி செய்ய முயன்றவர்கள் அட்டையில் துளையிடக் கற்றார்கள். அவருக்கு நாம் மேலே ஒன்றும் விளக்கவில்லை.

பாஷையின் விஷயத்துக்கு வருவோம். பையன் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன். அரசுப் பள்ளி மாணாக்கருக்குத் தொழிற்கல்வியில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்லூரிக்குள் புகுந்தவன். அவனுடைய கல்விச் செலவை அரசாங்கம் ஏற்றது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்குப் பெயரே தனிநிலைக் கணிதம். கூற்று, மெய்ம்மை அட்டவணை, முரண்பாடு எல்லாம் அதில் நல்ல தமிழில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துத் தேறின பிள்ளைக்குக் கல்லூரியில் அதே சரக்கு வேறு சட்டையோடு வந்து நின்றபோது, பழகிய முகம் என்று தெரியவில்லை. வாசலைத் திறந்துவிட்டோம், உள்ளே விளக்கை ஏற்றவில்லை.

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லோம். அந்தப் பாஷையைக் கற்றுத்தான் நாமும் பிழைத்தோம். உத்தியோகத்துக்கும் உலகத்தோடு பேசுவதற்கும் அது வேண்டும். ஆனால் ஒருவனுக்குத் தர்க்கம் தெரியுமா என்று சோதிக்கிற பரீட்சை, அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்ற பரீட்சையாக மாறிவிடக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, இங்கிலீஷில் நடக்கும் பாடமானாலும் மாணாக்கர் தம் பிரதேச பாஷையில் விடையெழுத இடங்கொடுக்கும்படி சர்வகலாசாலைகளைக் கேட்டுக்கொண்டது. டெல்லியிலிருந்து வரும் யோசனைகளை நாம் எப்போதும் ஏற்பவர்கள் அல்லோம். இந்த யோசனையைத் தள்ளுவதற்குக் காரணம் காணோம்.

தவறினவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே ஒருவர் எழுந்து ராமானுஜனை உதாரணம் காட்டுவார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் 1904ஆம் ஆண்டில் சேர்ந்து, மற்றப் பாடங்களைக் கவனியாமல் உபகாரச் சம்பளத்தை இழந்ததும், 1906, 1907ஆம் ஆண்டுகளில் எப்.ஏ. பரீட்சையில் தேறாமற் போனதும் உண்மையே. நாலு என்ற எண்ணை 5 விதமாகக் கூறுபோடலாம். நூறு என்ற எண்ணை 19,05,69,292 விதமாகக் கூறுபோடலாம். இந்தக் கூறுகளின் எண்ணிக்கையைப் பற்றி அவரும் ஹார்டியும் 1918ஆம் ஆண்டில் எழுதியது தனிநிலைக் கணிதத்தின் சிகரங்களில் ஒன்று. ஆனால் தவறினவனெல்லாம் ராமானுஜன் அல்லன். வில்லாபுரத்துப் பையனும் அல்லன். மேதைகளுக்காகப் பரீட்சையைத் திருத்த வேண்டியதில்லை. அவர்கள் எப்படியாவது தப்பித்துக் கொள்வார்கள். சாதாரண புத்தியுள்ள, உழைக்கக்கூடிய பிள்ளைகளுக்காகவே திருத்த வேண்டும்.

அந்த ஹார்டியைப் பற்றி வேறொரு சங்கதி நமக்கு உபயோகப்படும். கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் தேறியவர்களை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவது பழைய வழக்கம். ஹார்டி 1898ஆம் ஆண்டில் அதில் நாலாவதாக வந்தவர். வரிசையில் ஏறுவதற்காகக் கூலி ஆசிரியர்களிடம் தந்திரங்கள் பழகுவதே படிப்பாகிவிட்டது என்று அவர் வெறுத்தார். 1909ஆம் ஆண்டோடு அந்த வரிசை ஒழிந்தது. அதுவும் போதாதென்று, அந்தப் பரீட்சையைத் திருத்துவதில் பயனில்லை, ஒழித்தேவிட வேண்டுமென்று 1926ஆம் ஆண்டில் ஒரு தலைமையுரையில் வாதாடினார். நாம் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. ஆனால் நம்முடைய 2021ஆம் ஆண்டு விதிகள், தேறினவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு ஓ, ஏ பிளஸ், ஏ என்று தொடங்கி சி வரையில் எழுத்துத் தரம் போடும் முறையைப் புகுத்தின. ஓ என்றால் 10 புள்ளி, சி என்றால் 5. தேறாதவனுக்கு யு, புள்ளி பூஜ்யம். நிரூபணம் சரியா தப்பா என்பது பக்கத்துப் பெஞ்சில் இருப்பவன் எப்படி எழுதினான் என்பதைப் பொறுத்ததா? கணிதத்துக்கு இது அழகல்ல என்பது நமது அபிப்பிராயம்.

யு என்ற அந்த ஓர் எழுத்தினால் வரும் கஷ்டமும் சிறிதல்ல. அரியர் இருக்கும் வரையில் பல கம்பெனிகள் நேர்முகத்துக்கே அழைப்பதில்லை. நெசவாளி வீட்டில் ஆறு மாதம் என்பது பெரிய காலம்.

வேறு வழிகள் இல்லாமலில்லை. என்.பி.டி.இ.எல். என்ற பொதுக் கல்வித் திட்டத்தில் 12 வாரப் பாடமென்றால் வாரந்தோறும் ஒரு பயிற்சி கொடுத்து, அவற்றில் சிறந்த 8இன் சராசரிக்கு 25 மார்க்கும், முடிவுப் பரீட்சைக்கு 75 மார்க்கும் வைக்கிறார்கள். இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் உண்டு. பயிற்சியில் 25க்கு 10, பரீட்சையில் 75க்கு 30. ஏதோ ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவனை அது தண்டிப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் பேனாவை எடுக்கவும் வைக்கிறது. முன்னே சொன்ன கமலா கிருதிவாசன் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து நடத்திய தனிநிலைக் கணித விரிவுரைகளையே அதில் இலவசமாகக் கேட்கலாம் என்று பையனுக்குச் சொன்னோம். கோலத்தைப் பற்றி எழுதியவர் அவரே என்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி, கேளாததற்கு முன்பே விடையை ஒப்பித்தால், அவன் சொல்லிக் கொடுக்கப்பட்ட சாட்சி என்று எந்த முன்சீபும் கண்டுகொள்வார். சட்டக் கல்லூரியில் நாமே செக்‌ஷன் எண்களை ஒப்பித்துத் தேறினவர்கள்தாம். முதல் குறுக்கு விசாரணையில்தான் நமக்குச் சட்டம் தெரியாதென்று நமக்கே விளங்கிற்று. ஆகவே பரீட்சைக்குக் குறுக்கு விசாரணை வேண்டும் என்கிறோம். ஐந்து பெருங்கேள்விகளில் ஒன்றாவது, எந்த வினாவங்கியிலும் இல்லாத சிறு நிரூபணமாக இருக்கட்டும். அதை விட்டு ஓடத் தேர்வுரிமை கொடுக்க வேண்டாம். பாதி வாதத்துக்குப் பாதி மார்க்கு என்று முன்கூட்டியே அச்சிட்டு அறிவிக்கட்டும். வாரத்துக்கு ஒரு மணி என்று ஏட்டில் இருக்கும் பயிற்சி வகுப்பில், ஆசிரியர் எழுதியதைப் பிரதி செய்வதை நிறுத்தி, பிள்ளைகளைக் கரும்பலகைக்கு அழைத்துப் பேச வைக்கட்டும், எந்தப் பாஷையில் வந்தாலும் சரி.

பயிற்சிக்கு ஆசிரியர் போதாதே என்று கல்லூரி நிர்வாகிகள் சொல்வார்கள். அறுபது பேருக்கு ஒருவர் என்றால் கஷ்டந்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்மார்க்கு 20ஆக இருந்ததை 40ஆகக் கேட்டு வாங்கிக் கொண்டவர்கள், அந்த 40க்கு உரிய உழைப்பையும் காட்ட வேண்டுமல்லவா?

தகப்பனார் கேட்ட மனுவை நாம் எழுதவில்லை. வேறொரு மனு எழுதினோம். கணிதப் பாடங்களின் நிரூபணங்களைத் தமிழிலும் எழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழகத்தாரைக் கேட்கும் மனு அது. திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தோம். தகப்பனார் முதற் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டார் இருவரும், கல்லூரியில் படிக்கும் வேறு நாலு பிள்ளைகளும் போட்டார்கள். எட்டாவது கையெழுத்து நம்முடையது. மனு நமது காரியாலயத்தில் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்திட விரும்பும் நேயர்கள் மாலை 4 மணிக்கு மேல் வரலாம். பேனா கொண்டுவந்தால் நல்லது.